கணினிக் கேள்வி–பதில்: ஸ்பானிய எழுத்துகளின் தலைக்கு மேல்

கடந்த இரண்டு மாதங்களில் இந்தப் பகுதிக்கு வந்த கடிதங்களைப் பிரித்து அடுக்கியபோது, ஸ்பானிய மொழியைக் கணினியில் தட்டச்சு செய்வது பற்றியவை மட்டும் ஒரு தனிக் கட்டாகச் சேர்ந்துவிட்டன. ஆகவே இந்த முறை முழுப் பகுதியையும் அந்த ஒன்றுக்கே ஒதுக்கிவிட்டேன். வைரஸ், அச்சுப்பொறி பற்றிக் கேட்டவர்கள் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பதில்களுக்குள் போகும் முன் பெயர்களைச் சரிசெய்துகொள்வோம். விசைகளின் மேல் ஆங்கில எழுத்துகளே இருப்பதால், ஏ, ஈ, ஐ, ஓ, யூ, என் என்று நான் எழுதும்போதெல்லாம் ஆங்கிலப் பெயரால் அந்தந்த விசையையே குறிக்கிறேன். ஸ்பானியர்கள் ஏ விசையின் எழுத்தை 'ஆ' என்றும், ஈ விசையின் எழுத்தை 'ஏ' என்றும் அழைப்பார்கள்; இரண்டு முறையையும் கலந்தால் வாசகர் என்னைத்தான் திட்டுவார். உயிரெழுத்தின் மேல் இடமிருந்து வலமாக ஏறும் சிறு கோட்டை அழுத்தக்குறி என்றும், என் எழுத்தின் மேல் படுத்திருக்கும் வளைவை அலைக்கோடு என்றும் சொல்கிறேன். அலைக்கோடு ஏறிய அந்த எழுத்துக்கு ஸ்பானியத்தில் 'ஏஞே' என்று பெயர்.

கேள்வி: சென்னையில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் பணிபுரிகிறேன். மெக்சிகோவில் உள்ள வாடிக்கையாளர்களுக்கு அவர்கள் மொழியிலேயே புத்தாண்டு வாழ்த்து அனுப்ப நினைத்து, 'ஃபெலிஸ் ஆஞோ நுயேவோ' என்பதைச் சாதாரண என் எழுத்தை வைத்தே தட்டி அனுப்பினேன். ஒருவர் சிரிக்கும் முகங்களை மட்டும் பதிலாக அனுப்பியிருந்தார். மேலே ஒரு வளைவு இல்லாததால் அப்படி என்ன ஆகிவிட்டது?

பதில்: ஆகத்தான் செய்தது, அம்மா. 'ஆஞோ' என்றால் ஆண்டு. அலைக்கோடு இல்லாமல் எழுதினால் அது 'ஆனோ' என்று ஆகிறது. அதற்கு ஆசனவாய் என்று பொருள். நீங்கள் வாழ்த்தியது எதை என்று நான் விளக்கத் தேவையில்லை. ஸ்பானியம் கற்கத் தொடங்குபவர்களில் பாதிப் பேராவது இந்தப் பள்ளத்தில் ஒருமுறை விழுந்து எழுந்தவர்கள்தாம். அந்த நாட்டுக்காரர்களும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. இருந்தாலும், வயதைச் சொல்லும் வாக்கியத்திலும் இதே சொல் வருவதால், வேலைக்கான விண்ணப்பத்தில் இந்தப் பிழை நேராமல் பார்த்துக்கொள்வது நல்லது.

ஏஞேயை அலங்காரம் செய்துகொண்ட என் எழுத்து என்று நினைப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. அது தனி எழுத்து. ஸ்பானிய நெடுங்கணக்கின் 27 எழுத்துகளில் ஒன்று. நம் ஞகரத்துக்கு மிக நெருங்கிய ஒலி உடையது. இரண்டு சுழி னகரத்துக்கு ஒரு சுழி கூட்டியதுதானே மூன்று சுழி ணகரம் என்று சொல்லி, மனத்தை மணமாக்கி எவராவது எழுதினால் நாம் ஒப்புக்கொள்வோமா? அதே கதைதான் இது. இடைக்காலத்தில் கையால் ஏடு எழுதியவர்கள், லத்தீன் சொற்களில் அடுத்தடுத்து வந்த இரண்டு என் எழுத்துகளில் ஒன்றை மட்டும் எழுதி, மற்றொன்றை அதன் தலைமேல் ஒரு கோடாகச் சுருக்கினார்கள். இடமும் மையும் மிச்சமாயின. ஆண்டு என்பதற்கான லத்தீன் சொல்லில் இரண்டு என் உண்டு. அதுவே பின்னாளில் ஆஞோ ஆயிற்று. சுருக்கக் குறியாகப் பிறந்தது ஸ்பானியத்தில் எழுத்தாக நிலைத்துவிட்டது. நகத்தைக் குறிக்கும் 'ஊஞா' அலையை இழந்தால் 'ஊனா', அதாவது 'ஒரு' என்று ஆகிவிடும். கொண்டையைக் குறிக்கும் 'மோஞோ' குரங்கைக் குறிக்கும் 'மோனோ' ஆகிவிடும்.

அழுத்தக்குறியின் கதை வேறு. உயிரெழுத்திலோ என், எஸ் ஆகியவற்றிலோ முடியும் சொல்லில் கடைசிக்கு முந்தைய அசையையும், மற்றச் சொற்களில் கடைசி அசையையும் அழுத்திச் சொல்வது ஸ்பானியத்தின் பொது வழக்கம். இந்த வழக்கத்தை மீறும் சொற்களில்தான் பெரும்பாலும் குறி ஏறுகிறது. லத்தீன் அமெரிக்காவில் 'பாபா' என்று முதல் அசையை அழுத்தினால் உருளைக்கிழங்கு. கடைசி ஏ எழுத்தின் மேல் குறியிட்டு இறுதியை அழுத்தினால் அப்பா. 'ஆப்லோ' என்பது 'பேசுகிறேன்'. அதன் இறுதியில் குறி ஏறினால் 'அவர் பேசினார்'. ஆளும் மாறுகிறது, காலமும் மாறுகிறது. வணிகக் கடிதத்தில் யார் எப்போது பணம் அனுப்பியது என்பதைக்கூட இந்தச் சிறு கோடு தீர்மானிக்கக்கூடும்.

இவற்றோடு, யூ எழுத்தின் மேல் இரட்டைப்புள்ளி ஒன்று உண்டு. ஜி எழுத்துக்கும் ஈ அல்லது ஐ எழுத்துக்கும் நடுவில் வரும் யூ வழக்கமாக ஒலிக்காது. கித்தாரைக் குறிக்கும் சொல்லில் அது மௌனமாகத்தான் இருக்கிறது. ஒலிக்க வேண்டும் என்றால் புள்ளியிட வேண்டும்; பென்குயினைக் குறிக்கும் 'பிங்குயினோ' அப்படிப்பட்ட சொல். கடைசியாக, கேள்வியையும் வியப்பையும் தொடங்கும் தலைகீழ்க் குறிகள். ஸ்பானியத்தில் செய்தி வாக்கியமும் கேள்வி வாக்கியமும் பல நேரங்களில் ஒரே சொல்வரிசையில் இருக்கும் என்பதால், முடிவில் மட்டும் குறியிட்டால் நீண்ட வாக்கியத்தைப் படிப்பவர் பாதியில் தடுமாறுவார். அதற்காகத் தொடக்கத்திலும் தலைகீழாக ஒரு குறி இட வேண்டும் என்று 1713-ல் நிறுவப்பட்ட ஸ்பானிய அரச மொழிக்கழகம் 1754-ல் வெளியிட்ட எழுத்திலக்கணத்தில் விதித்தது.

ஆக, அழுத்தக்குறி ஏறும் ஐந்து உயிர்கள், ஏஞே, இரட்டைப்புள்ளி யூ ஆகிய ஏழும் சிறியதும் பெரியதுமாகப் பதினான்கு. தலைகீழ்க் குறிகள் இரண்டு. மொத்தம் 16. பதினாறும் பெற்றுவிட்டால் ஸ்பானியத்தில் பெருவாழ்வுதான். எப்படிப் பெறுவது என்பதைக் கீழே மற்றவர்களுக்குச் சொல்லும் பதில்களில் பாருங்கள்.

கேள்வி: கோவையில் கல்லூரி மாணவன். ஸ்பானியம் படிக்கிறேன். விண்டோஸ் மடிக்கணினி வைத்திருக்கிறேன். தேவையான எழுத்துகளை இணையத்தில் தேடி, நகலெடுத்து ஒட்டிக்கொண்டிருக்கிறேன். ஒரு பக்கக் கட்டுரைக்கு இரண்டு மணி நேரம் ஆகிறது. எளிய வழி உண்டா, ஐயா?

பதில்: உண்டு, தம்பி. 'யுனைடெட் ஸ்டேட்ஸ்–இன்டர்நேஷனல்' என்ற விசைப்பலகை அமைப்பை நிறுவிக்கொள்ளுங்கள். புதிதாக எதையும் வாங்கவோ பதிவிறக்கவோ வேண்டாம். அது விண்டோஸிலேயே இருக்கிறது. விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ் திறந்து, டைம் அண்ட் லாங்வேஜ், அதற்குள் லாங்வேஜ் அண்ட் ரீஜன் என்று செல்லுங்கள். அங்கே இருக்கும் இங்கிலீஷ் என்ற வரியின் ஓரத்தில் உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு, லாங்வேஜ் ஆப்ஷன்ஸ் வழியாக ஆட் எ கீபோர்டு என்பதை அழுத்தினால் ஒரு நீண்ட பட்டியல் விரியும். அதில் இந்தப் பெயரைத் தேர்ந்தெடுங்கள். இதன் பிறகு விண்டோஸ் விசையுடன் ஸ்பேஸை அழுத்தி, பழைய அமைப்புக்கும் புதியதற்கும் மாறி மாறிப் போகலாம். தமிழ்த் தட்டச்சுக்கு மாறுவதும் இதே வழியில்தான் என்பதால் இது உங்கள் கைக்குப் புதிதாக இராது.

இந்த அமைப்பில் எழுத்துகள் இருக்குமிடம் மாறுவதில்லை; ஆங்கிலம் தட்டும் விரல்கள் அப்படியே இயங்கும். எண்டர் விசைக்குப் பக்கத்தில் உள்ள ஒற்றை மேற்கோள் விசையை ஒருமுறை அழுத்தி விட்டுவிட்டு, அடுத்து உயிரெழுத்தை அழுத்தினால், குறியேறிய உயிர் வரும். பெரிய எழுத்து வேண்டுமென்றால் மேற்கோளுக்குப் பின் ஷிஃப்டுடன் உயிரை அழுத்துங்கள். எண் 1-க்கு இடப்புறம் உள்ள விசையை ஷிஃப்டுடன் அழுத்தி, பிறகு என் விசையை அழுத்தினால் ஏஞே. ஷிஃப்டுடன் மேற்கோள் விசையை அழுத்தி, பிறகு யூ அழுத்தினால் இரட்டைப்புள்ளி யூ. இவை இரண்டு தட்டல் வழிகள். நான் விரும்புவது ஒரே தட்டலில் முடியும் வழியை: ஸ்பேஸ் விசைக்கு வலப்பக்கம் உள்ள ஆல்ட் விசையைப் பிடித்துக்கொண்டு ஏ, ஈ, ஐ, ஓ, யூ, என் ஆகியவற்றில் எதை அழுத்தினாலும் அதன் ஸ்பானிய வடிவம் உடனே வரும். வலது ஆல்ட்டுடன் ஒய் அழுத்தினால் இரட்டைப்புள்ளி யூ, கேள்விக்குறி விசையை அழுத்தினால் தலைகீழ்க் கேள்விக்குறி, எண் 1-ஐ அழுத்தினால் தலைகீழ் வியப்புக்குறி. மனப்பாடம் செய்ய இதில் அதிகமாக எதுவும் இல்லை. கேள்விக்குறி கேள்விக்குறியிலும், வியப்புக்குறி வியப்புக்குறியிலும் இருக்கின்றன.

ஒரு தொல்லையையும் சொல்லிவிடுகிறேன். இந்த அமைப்பில் இருந்தபடி ஆங்கிலம் தட்டும்போது, மேற்கோளுக்குள் உயிரெழுத்தில் தொடங்கும் சொல்லை எழுதினால் மேற்கோள் மறைந்து எழுத்தின் தலையில் புள்ளிகள் முளைக்கும். மேற்கோள் மேற்கோளாகவே வேண்டுமென்றால், அதை அழுத்திய பின் ஸ்பேஸை ஒருமுறை அழுத்துங்கள். நிரல் எழுதுபவர்களுக்கு இது எரிச்சலூட்டும். அவர்கள் அந்த வேளையில் பழைய அமைப்புக்கு மாறிக்கொள்வதே மேல்.

கேள்வி: திருச்சியில் தட்டச்சுப் பயிற்சி நிலையம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். பேத்திக்காக மேலே சொன்னது போன்ற அமைப்பைப் போட்டுக் கொடுத்தேன். மேற்கோள் விசையை அழுத்தினால் திரையில் எதுவுமே வரவில்லை. இரண்டாம் முறை அழுத்தினால் இரண்டு மேற்கோள்கள் சேர்ந்து வருகின்றன. விசைப்பலகை பழுதா?

பதில்: விசைப்பலகை நன்றாகத்தான் இருக்கிறது, ஐயா. உங்களுக்கு இதை நான் விளக்குவது கொல்லன் தெருவில் ஊசி விற்பது போன்றது. தமிழ்த் தட்டச்சுப் பொறியில் 'க்' வேண்டுமென்றால் மாணவர்களுக்கு என்ன சொல்லிக் கொடுத்தீர்கள்? முதலில் புள்ளியைத் தட்டு, வண்டி நகராது, பிறகு ககரத்தைத் தட்டு, அது புள்ளியின் கீழே போய் உட்காரும் என்றுதானே! நகராத அந்த விசையின் நேர் வாரிசுதான் இது. ஸ்பானியத் தட்டச்சுப் பொறிகளிலும் அழுத்தக்குறி இப்படித்தான் காகிதத்தில் முதலில் விழுந்து, எழுத்துக்காகக் காத்திருந்தது. வேறுபாடு ஒன்றே: பொறியில் புள்ளி காகிதத்தில் தெரிந்தது, விண்டோஸ் அதைக் காட்டாமல் மனத்துக்குள் வைத்துக்கொண்டு அடுத்த விசைக்காகக் காத்திருக்கிறது. நீங்கள் மறுபடியும் அதே விசையை அழுத்தியதால் சேர்த்து வைத்த இரண்டையும் கொட்டிவிட்டது. ஆங்கிலம் மட்டும் அறிந்த இளைஞர்களைவிட, புள்ளியை முன்னால் தட்டிப் பழகிய விரல்களுக்கு இது சீக்கிரம் படியும். பேத்திக்கு நீங்களே ஆசிரியராகலாம்.

கேள்வி: ஆல்ட் விசையுடன் எண்களைத் தட்டினால் ஸ்பானிய எழுத்துகள் வரும் என்கிறார்கள். ஒருவர் ஏஞேக்கு 164 என்கிறார், இன்னொருவர் 0241 என்கிறார். எது சரி? (மதுரை வாசகர்)

பதில்: இரண்டும் சரி. சுழியில் தொடங்காத எண், 1981-ல் வந்த ஐபிஎம் தனிக்கணினியின் எழுத்துப் பட்டியலிலிருந்து வருவது. சுழியில் தொடங்கும் எண், பின்னால் வந்த விண்டோஸின் பட்டியலைச் சேர்ந்தது. பழையவர்களுக்காக முதல் பட்டியலையும் விண்டோஸ் இன்றுவரை சுமந்துகொண்டிருக்கிறது. முதல் பட்டியலில் அழுத்தக்குறியுள்ள சிறிய ஏ 160, ஐ 161, ஓ 162, யூ 163, சிறிய ஏஞே 164, பெரிய ஏஞே 165 என்று அடுத்தடுத்து வரும். ஈ மட்டும் வரிசையை விட்டு விலகி 130-ல் இருக்கிறது. இரட்டைப்புள்ளி யூ 129, தலைகீழ்க் கேள்விக்குறி 168, தலைகீழ் வியப்புக்குறி 173.

ஆனால் ஐபிஎம்மின் அந்த முதல் பட்டியலில் குறியேறிய பெரிய எழுத்துகளில் ஈ தவிர மற்ற உயிர்களுக்கு இடமே தரப்படவில்லை. அவற்றுக்குச் சுழி எண்கள்தாம் வழி: பெரிய ஏ 0193, ஈ 0201, ஐ 0205, ஓ 0211, யூ 0218. எண்களை விசைப்பலகையின் வலக்கோடியில் உள்ள எண் தொகுதியில்தான் தட்ட வேண்டும், நம்லாக் எரிந்துகொண்டிருக்க வேண்டும், ஆல்ட் விசையை எண்கள் முடிந்த பிறகே விட வேண்டும். எழுத்துகளுக்கு மேலுள்ள எண் வரிசையில் தட்டிவிட்டு எதுவும் வரவில்லை என்று எழுதுபவர்கள் நிறையப் பேர். எண் தொகுதியே இல்லாத சிறிய மடிக்கணினிகளில் இந்த வழியை மறந்துவிடலாம். என் கருத்தைக் கேட்டால், மாதத்துக்கு ஒரு பெயரைத் தட்டுபவருக்கு இது போதும்; நாள்தோறும் எழுதுபவர் எண்களை நெட்டுருப் போடுவது கைப்பேசி வந்த பின்னும் நண்பர்களின் எண்களை மனப்பாடம் செய்வதைப் போன்றது.

கேள்வி: அலுவலகக் கணினியில் எந்த அமைப்பையும் மாற்ற எனக்கு அனுமதி இல்லை. வேர்டு மட்டும்தான் பயன்படுத்துகிறேன். (பெங்களூரு வாசகி)

பதில்: வேர்டுக்குள்ளேயே வழி இருக்கிறது. கண்ட்ரோலுடன் ஒற்றை மேற்கோளை அழுத்தி விட்டு உயிரைத் தட்டுங்கள். ஏஞேக்குக் கண்ட்ரோல், ஷிஃப்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு எண் 1-க்கு இடப்புற விசையை அழுத்தி விட்டு, பிறகு என். இரட்டைப்புள்ளிக்குக் கண்ட்ரோல், ஷிஃப்டுடன் முக்காற்புள்ளி விசை, பிறகு யூ. ஆல்ட், கண்ட்ரோல், ஷிஃப்ட் மூன்றையும் சேர்த்துக் கேள்விக்குறியை அழுத்தினால் அது தலைகீழாகும்; வியப்புக்குறிக்கும் அப்படியே. வேர்டை விட்டு வெளியே, மின்னஞ்சலை உலாவியில் எழுதும்போது இவை வேலை செய்யமாட்டா.

கேள்வி: என்னிடம் ஆப்பிள் மேக் இருக்கிறது, என் தம்பி லினக்ஸ் வைத்திருக்கிறான். எங்களை ஏன் எப்போதும் மறந்துவிடுகிறீர்கள்? (புதுச்சேரி வாசகி)

பதில்: மறக்கவில்லை, உங்களுக்குச் சொல்ல அதிகம் இல்லாததே காரணம். மேக்கில் உயிரெழுத்தை விடாமல் அழுத்திப் பிடித்தால் அதன் வடிவங்கள் ஒரு சிறு பெட்டியில் எண்களுடன் தோன்றும். வேண்டியதன் எண்ணைத் தட்டுங்கள். விரைவாக எழுத, ஆப்ஷனுடன் ஈ அழுத்திப் பிறகு உயிர். ஆப்ஷனுடன் என் அழுத்திப் பிறகு மீண்டும் என். ஆப்ஷனுடன் யூ அழுத்திப் பிறகு யூ. ஆப்ஷனுடன் 1 தலைகீழ் வியப்புக்குறி. ஆப்ஷன், ஷிஃப்டுடன் கேள்விக்குறி விசை தலைகீழ்க் கேள்விக்குறி. தம்பியிடம், விசைப்பலகை அமைப்புகளில் ஏதேனும் ஒரு விசையைக் கம்போஸ் விசையாக நியமிக்கச் சொல்லுங்கள். பிறகு கம்போஸ், மேற்கோள், ஏ என்று ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டலாம். கம்போஸை அழுத்திக் கேள்விக்குறியை இருமுறை தட்டினால் அது தலைகீழாக வரும். எனக்குத் தெரிந்து இதைவிட அழகான முறை வேறெந்தக் கணினியிலும் இல்லை.

கேள்வி: எங்கள் அலுவலகத்துக்கு ஸ்பெயினிலிருந்து வாடிக்கையாளர் பட்டியல் சிஎஸ்வி கோப்பாக (காற்புள்ளியால் பிரித்த வெறும் உரைப் பட்டியலாக) வருகிறது. எக்செலில் திறந்தால் ஏஞே இருக்க வேண்டிய இடத்தில், அலைக்கோடு போட்ட பெரிய ஏ எழுத்தும் பக்கத்தில் கூட்டல்–கழித்தல் குறியும் நிற்கின்றன. அனுப்பியவர்கள் தங்களிடம் சரியாகவே இருக்கிறது என்கிறார்கள். (சென்னை வாசகர்)

பதில்: அவர்கள் சொல்வது உண்மை. கோப்பு யூடிஎஃப்-8 என்னும் குறியீட்டில் இருக்கிறது. அதில் ஏஞே, 195, 177 என்ற இரண்டு எண்களின் சேர்க்கையாகப் பதிவாகிறது. எக்செல் அதைப் பழைய விண்டோஸ் பட்டியல் என்று நினைத்து, இரண்டு எண்களையும் இரண்டு தனித்தனி எழுத்துகளாகப் படிக்கிறது. அந்தப் பட்டியலில் 195 அலைக்கோட்டு ஏ, 177 கூட்டல்–கழித்தல் குறி. குறியேறிய ஓ எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் அதே அலைக்கோட்டு ஏயும் சிறிய மூன்றும், ஈ இருக்க வேண்டிய இடத்தில் காப்புரிமைக் குறியும் தோன்றுவது இதனால்தான். ஒருங்குறி வருவதற்கு முன் ஒரு எழுத்துருவில் எழுதிய தமிழை வேறு எழுத்துருவில் திறந்து தலையைப் பிய்த்துக்கொண்ட நாட்கள் நினைவுக்கு வருகின்றனவா? அதன் உறவுக்காரன்தான் இவன்.

கோப்பை இருமுறை சொடுக்கித் திறக்காதீர்கள். எக்செலைத் தனியாகத் திறந்து, டேட்டா பகுதியில் 'ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி' என்பதன் வழியாகக் கோப்பைக் கொண்டுவந்து, ஃபைல் ஆரிஜின் என்ற இடத்தில் 65001 என்ற எண்ணுடன் இருக்கும் யூடிஎஃப்-8-ஐத் தேர்ந்தெடுங்கள். முன்னோட்டத்திலேயே பெயர்கள் சரியாகிவிடும். நீங்கள் திருப்பி அனுப்பும்போது 'சிஎஸ்வி யூடிஎஃப்-8' என்ற வகையில் சேமியுங்கள். ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: சிதைந்து தெரியும் நிலையில் கோப்பைச் சேமித்துவிடாதீர்கள். அதுவரை பார்வைக்கோளாறாக இருந்தது அப்போது உண்மையான சேதமாகிவிடும். மூலக் கோப்பின் நகல் ஒன்று எப்போதும் தொடப்படாமல் இருக்கட்டும்.

கேள்வி: ஸ்பெயினில் உள்ள தோழி தன் மேக்கிலிருந்து அனுப்பிய கோப்புகளை விண்டோஸில் வைத்திருக்கிறேன். பெயரில் 'எஸ்பாஞா' என்று கண்ணெதிரே தெரிகிறது. அதே சொல்லைத் தட்டித் தேடினால் கிடைக்கவில்லை. (கொழும்பு வாசகி)

பதில்: ஏஞேயை ஒருங்குறியில் இரண்டு விதமாக எழுதலாம்: ஒரே எழுத்தாக, அல்லது சாதாரண என் எழுத்தையும் அதன்மேல் ஏறும் அலைக்கோட்டையும் தனித்தனியாக. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். நம் 'கொ'வும் இப்படித்தான்: கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாகவும் பதியலாம், ஒற்றைக் கொம்பு, கால் என இரண்டு குறிகளாகவும் பதியலாம். இரண்டும் சமம் என்று ஒருங்குறி விதித்திருந்தாலும் எல்லாச் செயலிகளும் அந்த விதியை மதிப்பதில்லை. மேக், கோப்புப் பெயர்களை நெடுங்காலம் பிரித்தே சேமித்து வந்தது. உங்கள் விசைப்பலகை சேர்ந்த எழுத்தைத் தருகிறது. எனவே தேடல் தோற்கிறது.

ஐயம் இருந்தால் அந்தப் பெயரில் ஏஞேயின் வலப்பக்கம் நின்று பேக்ஸ்பேஸை ஒருமுறை அழுத்துங்கள். பெரும்பாலான செயலிகளில், எழுத்து நின்று அலை மட்டும் அழிந்தால் அது பிரிந்த வடிவம். ஒன்றிரண்டு கோப்புகள் என்றால் பெயரைப் புதிதாகத் தட்டிவிடுங்கள். நூற்றுக்கணக்கில் இருந்தால் பைத்தான் மொழியில் யூனிகோட்டேட்டா தொகுப்பின் 'நார்மலைஸ்' செயற்கூறு அனைத்தையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவரும். நிரல் அறிந்த ஒருவருக்கு அது பத்து வரி வேலை.

கேள்வி: முழுதும் பெரிய எழுத்துகளில் தலைப்பு எழுதும்போது அழுத்தக்குறி வேண்டாம் என்று ஒருவர் சொல்லிக் கொடுத்தார். பழைய ஸ்பானியப் புத்தக அட்டைகளிலும் குறி இல்லை. சரிதானா? (சேலம் ஆசிரியை)

பதில்: சரியில்லை, அம்மா. பெரிய எழுத்துக்கும் குறி வேண்டும் என்பதே மொழிக்கழகத்தின் நிலை; வேண்டாம் என்று அது ஒருபோதும் விதித்ததில்லை. ஈய அச்சிலும் தட்டச்சுப் பொறியிலும் பெரிய எழுத்தின் தலைக்கு மேல் குறிக்கு இடம் இருக்கவில்லை. இட்டால் எழுத்தின் மேலேயே விழுந்து அழுக்காகத் தெரிந்தது. அதனால் விட்டுவிட்டார்கள். இயந்திரத்தின் குறை நாளடைவில் இலக்கண விதி என்று நம்பப்பட்டுவிட்டது. ஐபிஎம்மின் முதல் பட்டியலில் பெரிய உயிர்கள் விடுபட்டிருந்ததை மதுரை வாசகருக்குச் சொன்னேன் அல்லவா, அதுவும் இந்த நம்பிக்கைக்கு எண்ணெய் வார்த்திருக்கும் என்பது என் ஊகம்.

கேள்வி: மகன் ஸ்பானிய மொழிபெயர்ப்பாளனாக வேலையில் சேர்ந்திருக்கிறான். ஏஞே அச்சிட்ட அசல் ஸ்பானிய விசைப்பலகை ஒன்றை வெளிநாட்டிலிருந்து வரவழைத்துக் கொடுக்கலாமா? (தூத்துக்குடி வாசகர்)

பதில்: கொடுக்கலாம், ஆனால் எந்த நாட்டிலிருந்து என்று முதலில் மகனிடம் கேளுங்கள். ஸ்பெயின் விசைப்பலகை வேறு, லத்தீன் அமெரிக்க விசைப்பலகை வேறு. இரண்டிலும் ஏஞே, எல் விசைக்கு வலப்புறம், நாம் அரைப்புள்ளி தட்டும் இடத்தில் இருக்கிறது. அழுத்தக்குறி விசை ஸ்பெயினில் ஏஞேக்கு அடுத்தது. லத்தீன் அமெரிக்காவில், ஓ விசைக்கு வலப்புறம் உள்ள பி விசைக்கு அடுத்தது. மின்னஞ்சல் முகவரியில் வரும் சுழிக்குறிக்கு ஸ்பெயினில் வலது ஆல்ட்டுடன் 2, மெக்சிகோவில் வலது ஆல்ட்டுடன் க்யூ. கணினியில் தேர்ந்தெடுத்த அமைப்பும் விசையில் அச்சிட்டதும் பொருந்தாவிட்டால் ஒவ்வொரு குறிக்கும் திண்டாட வேண்டியிருக்கும். பார்க்காமல் தட்டத் தெரிந்தவருக்கு அச்சு தேவையே இல்லை. இப்போதிருக்கும் பலகையிலேயே ஸ்பானிய அமைப்பை நிறுவி, அரைப்புள்ளி விசையில் ஏஞே என்று பழகிவிடலாம்.

அந்த விசை அங்கே அமர்ந்திருப்பதற்குப் பின்னால் ஒரு சண்டையே நடந்தது. ஏஞே இல்லாத கணினிகளை விற்கக் கூடாது என்று ஸ்பெயினில் விதி இருந்தது. 1991-ல் ஐரோப்பியச் சமூகம் அதைத் தடையற்ற வணிகத்துக்கு இடையூறு என்று எதிர்த்தது. எழுத்தாளர்கள் கொதித்தெழுந்தார்கள், கொலம்பியாவின் காப்ரியேல் கார்சியா மார்க்கேஸும் ஏஞேயின் பக்கம் நின்று பேசினார். மாஸ்ட்ரிக்ட் உடன்படிக்கை பண்பாட்டுக் காரணங்களுக்கு விதிவிலக்கு அளித்ததைப் பிடித்துக்கொண்டு, 1993-ல் ஸ்பெயின் அரசு ஓர் அரச ஆணையின் மூலம் அந்த விசையைக் காப்பாற்றிக்கொண்டது. ஓர் எழுத்துக்காக ஒரு நாடு வணிகக் கூட்டாளிகளோடு மல்லுக்கு நின்றதைப் படிக்கும்போது, எனக்கு அவர்கள்மேல் சற்றுப் பொறாமையும் வருவதுண்டு.

கேள்வி: பயண முகவர் நான். 'முஞோஸ்' என்ற குடும்பப் பெயருள்ள ஒருவருக்கு விமானச் சீட்டு எடுக்க வேண்டும். பதிவுத் திரை ஏஞேயை ஏற்க மறுக்கிறது. சாதாரண என் போட்டால் விமான நிலையத்தில் சிக்கலாகுமா?

பதில்: ஆகாது. கடவுச்சீட்டின் படப் பக்கத்தில் அடியில் இரண்டு வரிகள் இயந்திரம் படிப்பதற்காக அச்சிடப்பட்டிருக்கும். அவற்றில் குறியேறாத 26 எழுத்துகளும் எண்களும், காலியிடத்தை நிரப்பும் குறியும் மட்டுமே வரலாம். ஏஞேயை அங்கே சாதாரண என் எழுத்தாகவோ, என் எழுத்தை அடுத்து இரண்டு எக்ஸ் சேர்த்தோ எழுதலாம் என்று பன்னாட்டு விமானப் போக்குவரத்து அமைப்பின் விதி அனுமதிக்கிறது. அந்த நபரின் கடவுச்சீட்டு நகலை வாங்கி, அந்த அடி வரிகளில் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே பதிவு செய்யுங்கள். அவருக்கு எழுதும் கடிதத்தில் மட்டும் அலைக்கோட்டை விட்டுவிடாதீர்கள்.